முப்பத்தோராவது கை

வேண்டாங்கக்கா, பை என் மடியிலேயே இருக்கட்டும். கனம்தான், பரவாயில்லை. நீங்க தள்ளி உட்கார வேண்டாம், உள்ளே பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லை. உடைஞ்ச பிளாஸ்டர் துண்டு நாலு, ஒரு பவுடர் பாக்கெட், ஒரு அட்டை. வெள்ளையா உதிருது, உங்க புடவையில பட்டுடும். அதுக்காகத்தான் சொன்னேன்.

இந்த பஸ் பெரியாஸ்பத்திரி வாசலுக்கே போகுமில்லையா? ரயில்வே கேட் போட்டிருக்காங்களா? எவ்வளவு நேரம் ஆகும்? கூட்ஸா இருந்தா கால் மணி நேரமா? சரி. இருக்கட்டும்.

போன் அடிக்கிறது கேட்குது. அடிக்கட்டும். நான் எடுக்கப் போறதில்லை. எடுத்தா என்ன சொல்வாங்கன்னு தெரியாது. தெரியாம இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னுதானே அர்த்தம்?

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைக்கா. எங்க ஓவியக் கல்லூரியில முன்னாடி படிச்ச ஒரு அண்ணனுக்குக் கையில சூடுபட்டிருச்சு. தணிகாசலம்னு பேரு. டாக்டர், 'அது என்ன பவுடர்னு பார்க்கணும், பாக்கெட்டைக் கொண்டு வா'ன்னு என்னை அனுப்பினார். எடுத்துக்கிட்டுப் போறேன். நல்ல காரியம்தானே செய்யறேன்?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதுல தப்பு என்னோடது இல்லை. கல்லூரியோடது. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நான் இளவேனில். சிற்பப் பிரிவு, மூணாம் வருஷம். எங்க கல்லூரியில நாலு வருஷம் நம்மளை வரை வரைன்னு வரைய வைப்பாங்க. களிமண் பிசைய வைப்பாங்க. கடைசி நாள் குரூப் போட்டோ எடுப்பாங்க. அடுத்த நாள் கேட்டுக்கு வெளியே நிக்கணும். ஒரு பழைய மாணவர் 'சார், இந்தச் சூளையில ரெண்டு மண் சிலையைச் சுட்டுக்கலாமா'ன்னு கேட்டு வந்தா, விசிட்டர் நோட்டுல கையெழுத்து வாங்கிக்கிட்டு ஆபீஸ் வரைக்கும்தான் விடுவாங்க. அந்தச் சூளைக்கு வாயில துணி கட்டிக்கிட்டு சாம்பல் அள்ளினவர் அவர்! கண்ணெதிர்ல பார்த்தேன். அவர் சிலையைத் துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போனார். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

அதுக்குத்தான் ஆரம்பிச்சது 'தொடர்கோடு.' நானும் நஸ்ரினும் ஆரம்பிச்சோம். நஸ்ரின் என் கிளாஸ்மேட். அவள்தான் இப்போ ஆஸ்பத்திரியில அண்ணன்கூட இருக்கா. ஞாயித்துக்கிழமை அவ வீட்டு மொட்டைமாடியில கூடுவோம். படிக்கிறவங்களும் வருவாங்க, படிச்சு முடிச்சவங்களும் வருவாங்க. முதல் வருஷப் பசங்க வரைஞ்சதை அவங்க பார்த்துச் சொல்வாங்க. எங்கேயாவது சுவர் ஓவியத்துக்கு ஆள் வேணும்னா அங்கேயே பேசி முடியும். வேலை இல்லாத அண்ணன் ஒருத்தர் வந்து சும்மா மூணு மணி நேரம் வரைஞ்சிட்டுப் போவார். 'வீட்டுல பேப்பரை விரிச்சா எல்லாரும் பார்க்கறாங்கம்மா, இங்கே யாரும் பார்க்கறதில்லை'ம்பார். கல்லூரி செய்ய வேண்டிய வேலை இது. மொட்டைமாடி செய்யுது.

பிரின்சிபால்கிட்ட போய்ப் பூட்டிக் கிடக்கிற பழைய ஷெட்டைக் கேட்டோம். படிச்சு முடிச்சவங்க வந்து வேலை செய்யட்டும்னு. அவர் சொன்னார், 'கத்துக் கொடுக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுதும்மா. கரை சேர்க்க நாங்க படகு ஓட்டலை.' நான் விடுவேனா? பள்ளிக்கூடத்துல பட்டிமன்றம்னா எதிர் அணியில ஆள் சேரமாட்டாங்க எனக்கு. ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே பேசினேன். 'ஷெட் தர முடியாது, வேணும்னா முன் வராந்தாவுல ஒரு நாள் கண்காட்சி வெச்சுக்கோ'ன்னு இறங்கி வந்தார். ஜெயிச்சுட்டேன்.

கண்காட்சிக்குப் பேரு 'கை.' என் யோசனைதான். படிச்சு முடிச்ச முப்பத்தொரு பேரோட கையை அப்படியே பிளாஸ்டர்ல அச்சு எடுத்து வரிசையா வைக்கிறது. ஒவ்வொண்ணுக்கும் கீழே ஒரு அட்டை. இந்தக் கை எந்த வருஷம் படிச்சது, இப்போ என்ன செய்யுது. பிளெக்ஸ் போர்டு ஒட்டற கை ஒண்ணு. கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி போடற கை ஒண்ணு. ஷேர் ஆட்டோ ஓட்டற கை ஒண்ணு. பொம்மைக் கடையில பில் போடற கை ஒண்ணு. பிரின்சிபால் காலையில ரூமுக்குப் போறப்ப இந்த முப்பத்தொரு கையையும் தாண்டித்தான் போகணும். நாளைக்குத்தான் திறப்பு. நாளைக்கு.

மறுபடியும் போன். நஸ்ரின்தான். இல்லை, எடுக்கலை.

தணிகாசலம் அண்ணனைப் பத்திச் சொல்லணும். எங்க கிளாஸ்ல ஆள் உட்கார வெச்சு வரைவோம்கா, லைஃப் ஸ்டடின்னு சொல்வோம். அதுக்கு வந்து உட்கார்றவரை மாடல்னு சொல்வோம். தணிகாசலம் அண்ணன் அப்படி வர்ற மாடல். முப்பது நிமிஷம் அப்படியே இருப்பார். மூக்குல ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். யாராவது 'ரெஸ்ட்'னு சொன்னாத்தான் கையைக் காலை நீட்டுவார். ஒருநாள் சொல்ல மறந்துட்டோம். நாங்க டீ குடிக்கப் போய்ட்டு வந்து பார்க்கிறோம், அதே மாதிரி உட்கார்ந்திருக்கார். 'ஏண்ணா, எழுந்திருக்க வேண்டியதுதானே'ன்னா, 'நீங்க சொல்லலியே பாப்பா'ன்னு சிரிக்கிறார். நாங்களும் சிரிச்சோம். ஆமா, சிரிச்சோம்.

எங்க வராந்தாவுல தங்கப் பதக்கம் வாங்கினவங்க பேரை வருஷவாரியா எழுதின பலகை ஒண்ணு தொங்குது. ரெண்டு மாசம் முன்னாடி எதேச்சையா நிமிர்ந்து பார்த்தேன். 2009, ஓவியப் பிரிவு, ப. தணிகாசலம். பலகையில இருக்கிற பேரைத் தாண்டிப் போய், உள்ளே உட்கார்ந்து அதே ஆளை மூணு வருஷமா வரைஞ்சுக்கிட்டு இருக்கோம். ஒரு வாத்தியார் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

இதைவிடப் பெரிய சாட்சி வேறென்னக்கா வேணும்? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கடைசிக் கை அவரோடது. நடுவுல வைக்கிறோம்.

அவர் முதல்ல ஒத்துக்கலை. 'என்னை விட்டுடு பாப்பா'ன்னார். நான் விடலை. 'உங்க ஒருத்தருக்காக இல்லைண்ணா, இனிமே வர்ற பசங்களுக்காக'ன்னேன். சரி, கை தரேன், பேரு மட்டும் போடாதேன்னார். வீட்டுல அவர் மனைவிகிட்ட, காலேஜ்ல பாடம் சொல்லித் தர்றதாத்தான் சொல்லியிருக்காராம். 'பேரு இல்லாத கை யார் மனசையும் தொடாதுண்ணா'ன்னு ஒரு வாரம் பேசினேன். கடைசியில தலையை ஆட்டினார். இதோ பாருங்க அட்டை. 'ப. தணிகாசலம். 2009, தங்கப் பதக்கம். இப்போது இதே கல்லூரியில் மாடல்.' எழுத்து என்னோடதுதான். நல்லா இருக்குல்ல?

எந்தக் கைன்னு ஒரு பேச்சு வந்தது. 'இடது கையைப் போட்டுக்கறியா'ன்னு கேட்டார். 'எதுக்கு'ன்னேன். 'வலது கையில கொஞ்சம் வேலை இருக்கு'ன்னார். ராத்திரியில வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் அடுப்படியில உட்கார்ந்து இன்னும் வரையறாராம். அதை என்கிட்ட மட்டும் சொன்னார். 'அப்போ அந்தக் கைதான் வேணும், வரையற கைதான் வேணும்'னேன். அதுலயும் நான்தான் ஜெயிச்சேன்.

கேட் இன்னும் திறக்கலையா? ரயிலே வரலியே. ரயில் வராம எதுக்குக் கேட்டைப் போடறாங்க? இதையெல்லாம் யாரும் கேட்கவே மாட்டாங்களா இந்த ஊர்ல?

ஆட்டோ கிடைச்சுதாவா? கிடைச்சுதுக்கா. காலேஜ் வாசல்லயே ரெண்டு நின்னுச்சு. பஸ்ல ஏறிட்டேன். ஏன்னு கேட்டா... தெரியலை. பஸ் மெதுவாப் போகும்ல.

கேளுங்க, இன்னைக்கு என்ன நடந்ததுன்னு வரிசையாச் சொல்றேன்.

மத்த முப்பது கையும் முறையாத்தான் எடுத்தோம். பல் டாக்டர்கள் அச்சு எடுக்க ஒரு மாவு வெச்சிருப்பாங்களே, குழகுழன்னு, அதுல கையை விட்டா ரெண்டு நிமிஷத்துல ரப்பர் மாதிரி ஆயிடும். கையை உருவிடலாம். அந்தக் குழிக்குள்ள பிளாஸ்டரை ஊத்தினா கை வந்துடும். சூடு கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆனா அந்த மாவு நேத்தோட தீர்ந்துபோச்சு. இந்த ஊர்ல கிடைக்காது. நாளைக்குத் திறப்பு. தணிகாசலம் அண்ணன் காலை கிளாஸ் முடிஞ்சு பன்னிரண்டரைக்கு வந்து நிக்கிறார். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குன்னு ஒர்க் ஷாப்பைப் பூட்டிடுவாங்க. சாயங்காலம் அவருக்கு வேற வேலை. நான் என்ன செய்ய?

நேரடியா பிளாஸ்டர்லயே கையை விடலாம்னு சொன்னேன். முகத்தை அச்சு எடுக்கறப்ப அப்படித்தானே பூசறோம்? வேஸலின் தடவி, மேலே பிளாஸ்டர். முகத்துக்குத் தாங்கறது கைக்குத் தாங்காதா?

அங்கே அட்டெண்டர் அற்புதராஜ் அண்ணன் இருந்தார். 'முகத்துக்கு ஒரு விரல்கடை கனம்தாம்மா பூசறோம். வாளி நிறைய ஊத்தாதே, அது அடுப்பாயிடும்'னார். இருபத்திரண்டு வருஷமா அங்கே இருக்கிறவர்தான். ஆனா நான் கேட்டேன், 'அடுப்பாயிடும்னா எத்தனை டிகிரி? எங்கே எழுதியிருக்கு? காட்டுங்க.' 'எனக்கு டிகிரி தெரியாது, ஊத்தாதேன்னா ஊத்தாதே'ன்னார். 'இது பதில் இல்லைண்ணா'ன்னேன். கூட இருந்தவங்க சிரிச்சாங்க. அவர் சாவியை மேஜை மேலே வெச்சுட்டு, 'நீயே பூட்டிடு'ன்னு சாப்பிடப் போய்ட்டார். ஆமா, அதுவும் ஜெயிச்சதுதான்.

உங்களுக்கு பிளாஸ்டர் தெரியுமாக்கா? எலும்பு முறிஞ்சா மாவுக்கட்டு போடுவாங்களே, அந்த மாவுதான். தண்ணியில கலந்தா தானாவே சூடாகும். சூடு வந்தா கட்டியாகுதுன்னு அர்த்தம். முதல் வருஷத்துலயே சொல்லித் தருவாங்க, 'தொட்டுப் பாரு, வெதுவெதுன்னு இருந்தா நல்ல சேதி.' அவசரமா கட்டியாகணும்னா வெந்நீர் ஊத்துவோம், ஒரு பிடி உப்புப் போடுவோம். எல்லாப் பசங்களும் செய்யறதுதான். நான் ரெண்டு பிடி போட்டேன். ஒரு மணிக்குள்ள முடியணும் இல்லையா?

கையில ஒரு கரித்துண்டைக் கொடுத்துப் பிடிச்சுக்கச் சொன்னேன். வரையற மாதிரி. வெறுங்கையா இருந்தா அழகா இருக்காது. மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் வாளிக்குள்ள விட்டார். போன்ல டைமரைப் போட்டு மேஜை மேலே வெச்சேன். 'அசையாதீங்கண்ணா, அசைஞ்சா விரல் ரேகை போயிடும்'னேன். 'அதெல்லாம் எனக்குச் சொல்லணுமா'ன்னு சிரிச்சார்.

ஒரே ஒரு தடவை, 'சுடுது பாப்பா'ன்னார். நான், 'சுட்டா நல்லதுண்ணா, கட்டியாகுது'ன்னேன். அப்புறம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தார், கிளாஸ்ல பார்ப்பாரே அப்படி. நானும் நஸ்ரினும் அட்டைகளை வரிசைப்படுத்திக்கிட்டு இருந்தோம். எந்தக் கைக்குப் பக்கத்துல எந்தக் கைன்னு எங்களுக்குள்ள ஒரு விவாதம். திரும்பிப் பார்க்கிறேன், அவர் நெத்தியில இருந்து வேர்வை சொட்டு சொட்டா மேஜையில விழுது. அதைத் துடைக்க அவருக்கு இடது கை சும்மாத்தான் இருந்தது. துடைக்கலை.

கையை எடுங்கண்ணான்னேன். வரலை. கரியைப் பிடிச்ச முஷ்டி இல்லையா, உள்ளே பூட்டு மாதிரி மாட்டிக்கிச்சு. உளியை எடுத்தேன். எனக்கு உளி பிடிக்கத் தெரியும்கா, கல்லுல வேலை செய்யறவதான் நான். ஆனா உள்ளே கை இருக்குன்னு தெரிஞ்சு அடிக்கிறது... ஒவ்வொரு அடிக்கும் நான்தான் கத்தினேன். அவர் கத்தலை. முதலுதவிப் பெட்டி ஆபீஸ்ல இருக்கு, ஆபீஸ் பூட்டியிருக்கு. நஸ்ரின் ஓடிப்போய் அற்புதராஜ் அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்தா. எச்சில் கையோட வந்தார். நாலே அடி. நாலா பிளந்துச்சு. கையைத் தூக்கிக் குழாயடியில பிடிச்சார். என்னை ஒரு வார்த்தை கேட்கலை. ஏதாவது சொல்லியிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன்.

கை வெள்ளையா இருந்துச்சு. பிளாஸ்டர்தான் ஒட்டியிருக்குன்னு நினைச்சு நான் தேய்ச்சேன்.

ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் ரொம்ப வேகமாப் பேசறவர். 'எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது?' என்னைப் பார்த்துத்தான் கேட்டார். 'பத்து நிமிஷம்'னேன். அவர் தணிகாசலம் அண்ணனைப் பார்த்து, 'அப்படியா'ன்னார். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்துட்டு, 'பாப்பா சொல்றது சரிதான் சார். பத்து நிமிஷம் இருக்கும்'னார்.

'விரலை அசைங்க பார்ப்போம்'னார் டாக்டர். அண்ணன் உடனே அசைக்கலை. முதல்ல என்னைப் பார்த்தார். நான் ரெஸ்ட் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்காரோன்னு எனக்குத் தோணிச்சு. அப்புறம் அசைக்கப் பார்த்தார். கட்டைவிரல் கொஞ்சம் ஆடுச்சு. மத்தது ஆடலை.

டாக்டர் நர்ஸ்கிட்ட சொன்னதைக் கேட்டேன். 'பத்து நிமிஷம்னா மேல்தோலோட நின்னிருக்கலாம், சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். கூடுதலா இருந்திருந்தா இப்பவே உள்ளே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தோலைக் கீறி விடணும், இல்லாட்டி ரத்த ஓட்டம் நின்னுடும்.' அப்புறம்தான் என்னைப் பாக்கெட் எடுத்துட்டு வரச் சொன்னார். போலீசுக்கும் எழுதி அனுப்புவாங்களாம். இந்த மாதிரி கேஸ்னா அது வழக்கமாம்.

வெளியே வர்றப்ப அவர் மனைவி வந்துட்டாங்க. கோமளான்னு பேரு. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ அவர்கிட்ட படிக்கிற பொண்ணா? பாடம் நடத்தறப்ப எப்படிம்மா இப்படி ஆச்சு'ன்னு கேட்டாங்க. இந்த அட்டை அப்போ என் பைக்குள்ளதான் இருந்துச்சு. நான் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஆனா ஒரு நல்ல விஷயம் இருக்குக்கா. அண்ணனுக்கு வலியே இல்லையாம். டாக்டர் ஊசியால விரல் நுனியில குத்திக் குத்தி 'வலிக்குதா'ன்னு கேட்டார். ஒரு தடவைகூட அவர் முகம் சுளிக்கலை. 'தெரியலை சார்'னார். ரொம்பப் பட்டிருந்தா துடிச்சிருப்பாரில்ல? அதை நினைச்சுத்தான் நான் கொஞ்சம் தைரியமா...

ஏன்க்கா? ஏன் உங்க முகம் இப்படி ஆகுது?

உங்க கையில இருக்கிறது எண்ணெய் பட்ட தழும்பா? ஓட்டல் அடுப்படியிலயா வேலை செய்யறீங்க?

என்ன சொல்றீங்க? வலிச்சா பிழைச்சிரும்னா?

வலிக்காத இடம்தான் செத்த இடமா?

உங்க கூட வேலை செஞ்சவருக்கா? கொதிக்கிற எண்ணெயிலயா? அவரும் வலிக்கலைன்னாரா? சாயங்காலம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தாரா? அப்புறம் என்ன ஆச்சு? அவர் கை? ...வேண்டாம். சொல்லாதீங்க. புரியுது. சொல்லாதீங்கக்கா.

இல்லைக்கா, அது எண்ணெய், இது பிளாஸ்டர். ரெண்டும் ஒண்ணு இல்லை. எண்ணெய் கொதிக்கும். இது வெறும்... இது... நீங்க டாக்டர் இல்லையே, எத்தனை டிகிரின்னு உங்களுக்கு...

சே. இதையேதான் அற்புதராஜ் அண்ணன்கிட்டயும் கேட்டேன்.

என்ன கேட்டீங்க? நிஜமாவே பத்து நிமிஷம்தானான்னா?

ஏன் அப்படிக் கேட்கறீங்க? நான் பொய் சொல்ற மாதிரியா இருக்கேன்?

பாருங்கக்கா, நான் ஏன் பத்துன்னு சொன்னேன்னா, அது யோசிச்சுச் சொன்னதில்லை. வாயில வந்துடுச்சு. டாக்டர் கேட்ட விதம் அப்படி. என்னைப் பார்த்துக் கேட்ட விதம். சொன்னதுக்கப்புறம் மாத்திச் சொன்னா என்ன நினைப்பாங்க? கல்லூரியில இருந்து நிறுத்திடுவாங்க. தொடர்கோட்டை இழுத்து மூடிடுவாங்க. பிரின்சிபால் எவ்வளவு சந்தோஷப்படுவார் தெரியுமா? 'பழைய மாணவர்களைக் காப்பாத்தறேன்னு கிளம்பினா, இருந்த கையும் போச்சு'ம்பார். முப்பது பேர் கையும் சாக்குல கட்டிக் கொல்லைக்குப் போகும். ஒருத்தருக்காக முப்பது பேரை... நான் எனக்காக மட்டும் பயப்படலைக்கா. நிஜமா. கொஞ்சம் எனக்காகவும்தான். இல்லை, நிறைய எனக்காகத்தான்.

நாற்பது. நாற்பது நிமிஷம். இருபத்தஞ்சு நிமிஷம் நாங்க பாட்டுக்கு அட்டை அடுக்கிக்கிட்டு இருந்தோம். பதினஞ்சு நிமிஷம் நான் உளியை வெச்சுக்கிட்டு அழுதேன்.

அவர் ஏன் பத்துன்னு சொன்னார்? அவருக்குத் தெரியும்கா. முப்பது நிமிஷம் எவ்வளவுன்னு கடிகாரம் பார்க்காம சொல்லக்கூடியவர் அவர். நான் பயந்து போயிருக்கேன்னு பார்த்தார். அதுக்காகச் சொன்னார். தன் கையை வெச்சு. அந்தக் கையாலதான் ராத்திரி... அதுக்கு அவரை யார் கேட்டாங்க? நானா கேட்டேன்? அவர் சொல்லியிருக்க வேண்டியதுதானே, 'இல்லை சார், இந்தப் பொண்ணு பொய் சொல்லுது'ன்னு? ஏன் எல்லாத்துக்கும் அப்படியே உட்கார்ந்து இருக்கார்?

மணி என்னக்கா? மூணரையா? அவரை ஆஸ்பத்திரியில சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆயிடுச்சு. நான் காலேஜ்ல போய் இந்தப் பாக்கெட்டைத் தேடலை. மேஜை மேலேயேதான் இருந்தது. எடுத்துட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தத் துண்டுகளைச் சேர்த்து வெச்சுப் பார்த்தேன். உள்ளே அவர் கை அப்படியே பதிஞ்சிருக்குக்கா. ஒவ்வொரு ரேகையும். நகத்துக்கிட்ட ஒரு சின்ன வெட்டு, அதுகூட. முப்பத்தொண்ணுல இதுதான் நல்லா வந்த அச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமா இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. போலீசைவிட.

அடிக்குது. மறுபடியும் அடிக்குது. இது நஸ்ரின் இல்லை. புது நம்பர். கோமளாக்காவாத்தான் இருக்கும், கிளம்பறப்ப என் நம்பரை வாங்கிக்கிட்டாங்க.

நடந்தே போயிடட்டுமா? கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடினா... இன்னும் ரெண்டு கிலோமீட்டரா? அதுக்குள்ள...

சரி. எடுக்கறேன். நீங்க இங்கேயே இருக்கீங்கல்ல? இந்தப் பையைக் கொஞ்சம் வாங்கிக்கறீங்களா? புடவையில படும், பரவாயில்லையா? மெதுவா. அது உடைஞ்சிடும். இல்லை, உடைஞ்சாலும் சரி. வாங்கிக்கங்க.

ஹலோ. ஆமாக்கா, இளவேனில்தான். பாக்கெட் கிடைச்சுது. அக்கா, அழாதீங்க, ஒரு நிமிஷம். டாக்டர் பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட போனைக் கொடுங்க. இப்பவே கொடுங்கக்கா. ரவுண்ட்ஸ்ல இருந்தாலும் கூப்பிடுங்க. கத்திக் கூப்பிடுங்க.

சார். காலையில... மதியம் ஓவியக் கல்லூரியில இருந்து வந்த பொண்ணு. சார், பத்து நிமிஷம் இல்லை. நாற்பது நிமிஷம். நாற்பது சார், நாலு பூஜ்யம். வெந்நீர் சார். உப்பும் போட்டிருந்தேன், சீக்கிரம் இறுகணும்னு. ரெண்டு பிடி. ஆமா, நான்தான் பொய் சொன்னேன். அவர் சொன்னதும் பொய்தான் சார், நான் மாட்டிக்கக் கூடாதுன்னு சொன்னார். அவரை இப்பவே உள்ளே கொண்டு போங்க சார்.

இல்லை சார், நினைவு இருந்தது. மயக்கம் இல்லை. ஏன் கையை எடுக்கலைன்னா...

பக்கத்துல அவங்க இருக்காங்களா? கோமளாக்கா? ஸ்பீக்கர்லயா?

ஏன் எடுக்கலைன்னா, நான் அசையாதீங்கன்னு சொன்னேன் சார். இல்லை சார், வேற காரணம் ஒண்ணும் இல்லை. நான் சொன்னேன், அவர் அசையலை. அவ்வளவுதான்.

சொன்னார் சார். சுடுதுன்னு ஒரு தடவை சொன்னார். எப்போன்னா, எனக்கு நல்லாத் தெரியும் சார், டைமர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவர் சொன்னதும் நான் அதைத்தான் பார்த்தேன், அவரைப் பார்க்கலை.

ஏழாவது நிமிஷம்.